மூணு வாரத்தில் கல்யாணமா? பீல் வேண்டாம்

ஆவணி பிறந்தால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, நீங்க முகத்துக்கு ஏதோ பீல் பண்ணிப் பருவைப் போக்குனீங்களாமே, எங்க பண்ணீங்க, எவ்வளவு ஆச்சு? எனக்கு இன்னும் மூணு வாரத்துல கல்யாணம்." குரல்தான் மாறும், கேள்வி மாறாது. போன வாரம் கேட்டது ஒரு மாப்பிள்ளைப் பையன். பையன்களும் வெட்கப்படாமல் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், நல்ல விஷயம்தான்.

என் பதிலும் மாறுவதில்லை. மூன்று வாரத்தில் கல்யாணம் என்றால் பீல், அதாவது முகத்தில் அமிலம் பூசி மேல்தோலை உரியவைக்கும் கெமிக்கல் பீல், வேண்டாம். ஆறு மாதம் இருக்கிறதா, பேசலாம். இதைப் போனில் சொன்னால் "சரிக்கா" என்று வைத்துவிட்டு, ஆமாம் என்று சொல்லும் வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள். அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பருவோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியவள், பீல் செய்துகொண்டவள், அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவள். அவ்வளவுதான் என் தகுதி.

பள்ளிக்கூட வயதில் வந்த பருவுக்கு அப்பத்தா ஜாதிக்காயை உரசித் தடவிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை எலுமிச்சம்பழத்தைப் பரிந்துரைத்தார். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் முகம் இன்னும் கறுக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. வயதானால் போய்விடும் என்றார்கள். நெற்றியை விட்டுப் போனது உண்மை, முப்பதைத் தாண்டியதும் தாடையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். வயதான அம்மா. விளக்கு வைத்த பூதக்கண்ணாடியைக் கிட்டே இழுத்து, கன்னத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். பிறகு கேள்விகள். "மெடிக்கல்ல நீங்களா ஏதாவது கிரீம் வாங்கிப் போட்டீங்களாம்மா? டியூபைக் கொண்டு வந்திருக்கீங்களா?" "மாதவிலக்கு ஒழுங்கா வருதா?" "ஆஸ்பிரின் மாத்திரை ஒத்துக்குமா?" "காய்ச்சல் வந்தா உதட்டோரம் கொப்புளம் வருமா?" "அடிபட்ட தழும்பு தடிச்சு வளருமா?" பருவைக் காட்ட வந்த இடத்தில் மாதவிலக்கு எதற்கு என்று தோன்றும். தாடையோரப் பருவும், ஒழுங்கில்லாத மாதவிலக்கும், முகத்தில் முடியும் சேர்ந்திருந்தால் அது சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லும் பிசிஓஎஸ் ஆக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மேலே எத்தனை பீல் போட்டாலும் பரு திரும்ப வந்துகொண்டே இருக்கும். மற்ற கேள்விகள் சிலவற்றுக்கான காரணம் போகப் போகப் புரியும்.

"இன்னிக்கே பீல் பண்ணிடலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அவசரப்பட்டா கறுத்துப் போயிடும்மா. மொதல்ல ஜெல் போடுங்க, சன்ஸ்கிரீன் போடுங்க. தோல் தாங்குதான்னு பாத்துட்டுச் செய்வோம்."

ராத்திரிக்கு அடாபலீன் ஜெல், முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. காலையில் பென்சாயில் பெராக்சைடு கலந்த ஃபேஸ் வாஷ். இந்த பென்சாயில் பெராக்சைடு துணிச் சாயத்தை வெளுத்துவிடும். என் நீலத் துண்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து, வீட்டில் பிளீச்சிங் பவுடர் பட்டுவிட்டது என்று பெரிய விசாரணையே நடந்தது. வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பரு எப்படி வருகிறது என்பது தெரிந்தால் பீல் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பது புரிந்துவிடும். மயிர்க்காலோடு ஒட்டியிருக்கும் சுரப்பி எண்ணெயைச் சுரக்கிறது. செத்த தோல் செல்கள் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தை அடைக்கின்றன. அடைப்பு மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் காற்றுப் பட்டுக் கரும்புள்ளி. கரும்புள்ளியில் இருக்கும் கறுப்பு அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. அடைப்புக்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற கிருமி பெருகி, உடம்பு அதை எதிர்க்கப் போய்ச் சிவந்து வீங்கிச் சீழ் வைக்கிறது. இன்னும் ஆழத்தில் போனால் கட்டி.

பீலின் வேலை முதல் கட்டத்தில், அதாவது அடைப்பில். பருவுக்குப் பெரும்பாலும் போடுவது சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கலக்கும் குணம் உள்ளதால் எண்ணெய் நிறைந்த துவாரத்துக்குள் அது இறங்கிவிடும், செத்த செல்களின் பிடிப்பைத் தளர்த்தி அடைப்பை உதிரவைக்கும், வீக்கத்தையும் ஓரளவு தணிக்கும். கால் ஆணிக்கு மெடிக்கலில் வாங்கி ஒட்டுகிறோமே ஒரு பிளாஸ்டர், அதிலும் இதே சரக்குதான். ஆஸ்பிரின் இதன் பங்காளி, அதனால்தான் அந்தக் கேள்வி. கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பீலைத் தவிர்த்துவிடுவார்கள். கடையில் கிடைக்கும் ஃபேஸ் வாஷில் சாலிசிலிக் 1 அல்லது 2 சதவீதம்தான் இருக்கும். கிளினிக் பீலில் 20 முதல் 30 சதவீதம். இந்த வித்தியாசத்தை மனசில் வையுங்கள்.

சரி, பீல் அன்றைக்கு என்ன நடக்கிறது? அதைத்தான் எல்லாரும் பயந்து பயந்து கேட்கிறார்கள். முடியை ஒரு தொப்பிக்குள் அடக்கிப் படுக்க வைத்தார்கள். ஸ்பிரிட் வாசனை வரும் பஞ்சால் முகத்து எண்ணெயை ஒற்றி எடுத்தார்கள். கண் ஓரம், மூக்கு மடல், உதட்டோரம் மூன்றிலும் வாசலின். அமிலம் வழிந்து தேங்கும் இடங்கள் அவை, அங்கேதான் முதலில் புண்ணாகும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு நெற்றியில் ஆரம்பித்து, கன்னம், மூக்கு, தாடை என்று விறுவிறுவென்று பூசினார் டாக்டர். நர்ஸ் ஒரு சின்ன ஃபேனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏறியது பாருங்கள், வரமிளகாய் கிள்ளிய கையால் முகத்தைத் தொட்ட மாதிரி ஓர் எரிச்சல். கண்ணில் நீர் வந்துவிட்டது. "உச்சத்துக்கு வந்துடுச்சு, இனி இறங்கும்மா" என்றார் டாக்டர். இறங்கியது, மரத்தும் போனது. சாலிசிலிக்குக்கு மரத்துப்போக வைக்கும் குணமும் உண்டு. கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் முகமெல்லாம் வெள்ளை மாவு பூத்திருக்கிறது. அது வெந்துபோன தோல் இல்லை. அமிலத்தைக் கரைத்திருந்த ஆல்கஹால் ஆவியாகிவிட, சாலிசிலிக் படிகமாகத் தோல்மேல் நின்றுவிடுகிறது. நின்றதற்கு அப்புறம் அது மேற்கொண்டு உள்ளே இறங்காது. சிகிச்சை தானாகவே நின்றுவிடுகிறது என்பதால்தான் நம் தோலுக்கு இதைப் பாதுகாப்பானது என்கிறார்கள். சில நிமிஷங்களில் குளிர்ந்த தண்ணீரால் கழுவிவிட்டார்கள். மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், வீடு.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் முகம் இழுத்துப் பிடித்தது, பிறகு வாயோரமும் தாடையும் மெல்லிய பொருக்காக உரிய ஆரம்பித்தன. நகம் தானாக அங்கே போகும். உரிக்கக் கூடாது. உரித்த இடம் சிவந்து, சிவந்த இடம் கறுத்து, அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் கூடவே வரும். அந்த ஒரு வாரத்துக்கு அடாபலீன் கிடையாது, ஸ்கிரப் கிடையாது, திரெட்டிங், பிளீச், வேக்ஸிங் எதுவும் கிடையாது. கடலை மாவையும் கஸ்தூரி மஞ்சளையும் அலமாரியிலேயே விட்டுவைக்க வேண்டும். என் மாமியார் உரிகிற முகத்தைப் பார்த்துப் பதறிப்போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். பாசம்தான். ஆனால் பரு முகத்துக்குத் தேங்காயெண்ணெய் ஆகாது. தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைத்து நெற்றிப் பருவை வளர்ப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பீலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

உரித்த இடத்தில் வருமே, அந்தக் கறுப்புதான் விஷயமே. வெள்ளைத் தோலில் பரு ஆறினால் சிவப்புத் தடம், நம் தோலில் கறுப்புத் தடம். தோலுக்கு எந்தக் காயம் பட்டாலும் நிறமிச் செல்கள் கூடுதலாக மெலனினைக் கொட்டும். பரு ஒரு காயம், கிள்ளுவது ஒரு காயம், அளவு மீறிய பீலும் ஒரு காயம். 1975-ல் ஹார்வர்டு டாக்டர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை செய்கிறது என்பதை வைத்துத் தோலை வகை பிரித்தார். இன்று புழக்கத்தில் இருக்கும் ஆறு வகைகளில் நம்மில் பெரும்பாலோர் 4 அல்லது 5. இந்த வகைத் தோலுக்கு மேலோட்டமான பீல் தாங்கும், நடு ஆழத்துப் பீலுக்கு யோசிக்க வேண்டும், ஆழமான ஃபீனால் பீல் வேண்டவே வேண்டாம். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஃபீனால் ரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும்.

ஆகவே பீலுக்கு அப்புறம் சன்ஸ்கிரீன் என்பது சிகிச்சையில் பாதி. குறைந்தது எஸ்பிஎஃப் 30. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால்தான் முகம் கழுத்துக்குப் போதும், பேருக்குத் தடவி என்ன பயன்? எங்கள் ஊர் வெயிலில் ஸ்கூட்டரில் போகும்போது துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்கிறோம். அது தூசுக்கும் சூட்டுக்கும் உதவும், சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகாது. பகல் முழுக்க வெயிலில் நின்று விற்கிற, அளக்கிற, ஓட்டுகிற வேலையில் இருப்பவர்கள் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்ற அமிலங்களைப் பற்றிச் சுருக்கமாக. கரும்பிலிருந்து கிடைப்பதாகச் சொல்லும் கிளைகாலிக் அமிலத்துக்கு மூலக்கூறு சிறியது, சட்டென்று உள்ளே போகும், தானாக நிற்காது. சரியான நேரத்தில் சோடியம் பைகார்பனேட் கரைசலாலோ தண்ணீராலோ நிறுத்த வேண்டும். பூசிவிட்டுப் போனில் பேசப் போகிற ஆளிடம் இதைச் செய்துகொள்ளக் கூடாது. மேண்டலிக் பெரிய மூலக்கூறு, மெதுவாகப் போகும், கறுத்த தோலுக்கும் எரிச்சல் தாங்காதவர்களுக்கும் உகந்தது. சாலிசிலிக்கையும் மேண்டலிக்கையும் கலந்தும் போடுகிறார்கள். சதவீதத்தை மட்டும் வைத்து எது வலுவானது என்று முடிவு செய்ய முடியாது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எவ்வளவு, எத்தனை பூச்சு, எத்தனை நிமிஷம், முன்னால் என்ன ஜெல் போட்டிருந்தீர்கள் எல்லாம் சேர்ந்துதான் ஆழத்தை முடிவு செய்யும். "எங்ககிட்ட 50 சதவீதம் இருக்கு" என்று பெருமையாக விளம்பரம் செய்யும் இடத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது, பயம்தான் வரும்.

இது ஒன்றும் இன்ஸ்டாகிராம் கண்டுபிடித்த வைத்தியமும் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்த தோல் டாக்டர் பால் கெர்சன் உன்னா, 1882-லேயே சாலிசிலிக், ஃபீனால், டிசிஏ (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) எல்லாம் தோலில் என்ன செய்கின்றன என்று எழுதிவிட்டார். கறுத்த தோலில் செய்து பார்த்த ஆய்வு ஒன்று முக்கியமானது. அமெரிக்கத் தோல் மருத்துவர் பேர்ல் கிரைம்ஸ் 1999-ல் 25 பேருக்கு 20, 30 சதவீத சாலிசிலிக் பீல் செய்து, பருவுக்கும் கறுப்புத் தடத்துக்கும் பலன் இருக்கிறது, பக்கவிளைவு லேசானதுதான் என்று காட்டினார். 25 பேர் என்பது சின்னக் கூட்டம். பீல் ஆய்வுகள் பலவும் இப்படித்தான், சின்னச் சின்னதாக. அதனால்தான் அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 2024-ல் வெளியிட்ட பரு வழிகாட்டியில் பீலைச் சிபாரிசு செய்யும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். அழுத்தமாகச் சிபாரிசு செய்தவை எல்லாம் நம் மெடிக்கல்களில் கிடைக்கும் பழைய சரக்குகள்: பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் வகை ஜெல்கள், தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின், கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின்.

என் அனுபவமும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. கரும்புள்ளி, வெண்புள்ளி, சின்னச் சின்னப் பரு, ஆறிய பருவின் கறுப்புத் தடம், இவற்றுக்குப் பீல் நன்றாக உதவுகிறது. ஜெல்லோடு சேர்ந்தால் வேகமாக உதவுகிறது. தொட்டாலே வலிக்கும் கட்டிகளுக்கு அது எட்டாது, அங்கே மாத்திரைதான் பேசும். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்களுக்கு நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகுதான் பீல் என்று முன்பு சொன்னார்கள். 2017-ல் அமெரிக்க நிபுணர்கள், மேலோட்டமான பீலுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பமானால் குழந்தைக்குப் பெரிய கேடு என்பதையும் கல்யாணப் பெண்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளமாகிவிட்ட தழும்பு வேறு கதை. மேலோட்டப் பீல் பள்ளத்தை நிரப்பாது. ஊசி குத்தியது போன்ற குறுகிய ஆழமான குழிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. 2002-ல் கொரிய டாக்டர்கள் எழுதிய முறை. 65 முதல் 100 சதவீதம் வரை வலுவுள்ள டிசிஏ அமிலத்தை, கூர்மையாகச் சீவிய மரக்குச்சி நுனியில் தொட்டு, குழிக்குள் மட்டும் வைத்து அழுத்துவார்கள். குழி வெள்ளையாக உறைந்து, பொருக்குக் கட்டி, அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து மேலே வரும். பல தடவை செய்ய வேண்டும். கை ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பக்கத்துத் தோலில் கறுப்பு வட்டம். அதே டிசிஏ-வைப் பாட்டிலில் வாங்கி வீட்டில் செய்து பார்க்கும் வீடியோக்கள் ஓடுகின்றன. தயவுசெய்து வேண்டாம். இணையத்தில் விற்கும் வலுவான பீல்களை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வாங்கவோ பூசவோ வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஜூலையில் எச்சரிக்கையே விட்டது. ரசாயனத் தீக்காயம் வரை போயிருக்கிறது.

ஆனால் நம் ஊரில் எனக்கு அதிகக் கவலை, முகத்தில் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்பதில்தான். சிவப்பழகுக்கு என்று தோழி கொடுத்த டியூப், மெடிக்கல்காரர் "இத போடுங்க, ரெண்டே நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்" என்று எடுத்துத் தரும் டியூப். அதில் ஸ்டீராய்டு இருந்தால் உண்மையிலேயே இரண்டு நாளில் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, நிறுத்தினால் எரிந்து, பருவும் முன்னைவிடக் கொத்தாகக் கிளம்பும். பல ஸ்டீராய்டு களிம்புகளை 2018-ல் மத்திய அரசு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. விற்பனை நின்றதா என்பதை உங்கள் தெரு மெடிக்கலில் கேட்டுப் பாருங்கள். அப்படி மெலிந்த முகத்தில் பீலை வைத்தால் என்ன ஆகும்? என் டாக்டர் டியூபைக் கொண்டு வரச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

பார்லர்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஃப்ரூட் பீல், கரியைப் பூசிக் காய்ந்ததும் உரித்து எடுக்கும் மாஸ்க், இதெல்லாம் வேறு, நான் சொல்லும் பீல் வேறு. ஃபேஷியலுக்குப் பார்லர் சரி. அமிலத்துக்கு எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் டாக்டர். போர்டில் பட்டம் சின்னதாக எழுதியிருந்தாலும் கிட்டே போய்ப் படியுங்கள். என் உறவுப் பெண் ஒருத்தி, "பிரைடல் பேக்கேஜ்" என்று ஓர் இடத்தில் வாராவாரம் பீல் செய்துகொண்டாள். இரண்டு பீலுக்கு நடுவே இரண்டிலிருந்து நான்கு வாரம் விடுவது வழக்கம். அவர்கள் தோல் ஆறவே நேரம் கொடுக்கவில்லை. கன்னத்து எலும்பு மேலே இரண்டு பக்கமும் பழுப்புப் பட்டை விழுந்து, முகூர்த்தத்தன்று மேக்கப்பில் மறைத்தார்கள். அது மறைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்தயாரிப்பு சில வாரம், நான்கு அல்லது ஆறு பீல், நடுவே இடைவெளி, கடைசிப் பீலுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு மாதம். தையில் கல்யாணம் என்றால் ஆடியிலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஆடியில் மண்டபமும் காலி, நமக்கும் வேலை குறைவு. நாள் இல்லை என்றால் டாக்டரிடம் ஜெல்லைப் பற்றியும், கல்யாணத்துக்கு முதல் நாள் பெரிதாக ஒரு பரு கிளம்பினால் அதற்குப் போடும் ஊசியைப் பற்றியும் கேளுங்கள்.

இன்னொன்று. "பீல் பண்ணா கலராயிடுவேனாக்கா?" என்று கேட்பவர்களுக்கு: ஆக மாட்டீர்கள். தடம் மங்கும், முகம் ஒரே சீராகும், உங்கள் நிறம் உங்களுடையதுதான். நிறத்தை மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்தப் படியை இறங்கிவிடுங்கள்.

பணம் என்று பார்த்தால், தனியாரில் ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பருவுக்கு வைத்தியம் என்பது பீலில் தொடங்குவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டு, உபயோகிக்கும் எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கொடுக்கும் ஜெல்லை எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் போடுங்கள், அதற்கு முன் பலன் தெரியவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். ஜெல்லிலேயே அடங்கிவிட்டால் பீல் பணம் மிச்சம்.